‘நீங்க என்ன சமூகம்?’: மனநோய் வந்த வீட்டை யார் தாங்குவது?

எங்கள் பக்கத்தில் ஒருவர் “நீங்க என்ன சமூகம்?” என்று கேட்டால், சாதியைக் கேட்கிறார் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ‘சாதி’ என்று வாய்விட்டுக் கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் பிடித்துவைத்திருக்கும் சொல் அது. அதே சொல்லை மனநல விழிப்புணர்வுக் கூட்டங்களிலும் கேட்கிறேன். “மனநோயால் பாதிக்கப்பட்டவர்களையும் அவர்கள் குடும்பத்தையும் சமூகம் அரவணைக்க வேண்டும்.” அக்டோபர் 10, உலக மனநல நாள் வந்துவிட்டால் இந்த வாக்கியம் இல்லாத பேனர் இல்லை. நல்ல வாக்கியம்தான். ஆனால் மேல்மலையனூர் பக்கத்துக் காலனி ஒன்றில் வளர்ந்த எனக்கு, அதைக் கேட்கும்போதெல்லாம் ஒரே கேள்விதான் வருகிறது: எந்தச் சமூகம்?

மனச்சிதைவு, இருமுனைக் கோளாறு போன்ற கடும் மனநோய் வந்த குடும்பங்கள் தனியாக விடப்படுவதற்கு மருத்துவர் பற்றாக்குறை ஒரு காரணம். அதைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். இன்னொரு காரணத்தை யாரும் சத்தமாகச் சொல்வதில்லை. நம் ஊர்களில் கல்யாணம், சாவு, கடன், கைமாற்று எல்லாமே சாதி வழியாகத்தான் ஓடுகின்றன. துன்பத்தைப் பகிர்ந்துகொள்வதும் அப்படித்தான். அந்த ஏற்பாட்டில் மனநோய்க்கு இடமில்லை. காலனிக்காரரின் மனநோய் என்றால் இடமில்லாததோடு அடியும் உண்டு.

அமாவாசை இரவில் மேல்மலையனூர் வந்தவர்களுக்கு அந்தக் கூட்டம் தெரியும். சென்னை, வேலூர், புதுச்சேரி, திருவண்ணாமலை என்று நாலா பக்கமிருந்தும் சிறப்புப் பேருந்துகள் வந்து நிற்கும். அங்காளம்மன் ஊஞ்சல் உற்சவத்துக்காகத் தரையில் துண்டு விரித்துக் காத்திருப்பவர்கள் நடுவே அந்தக் குடும்பங்களை எளிதாக அடையாளம் காணலாம். நடுவில் ஒரு இளைஞனோ இளம்பெண்ணோ இருப்பார். இரண்டு பக்கமும் கையை இறுகப் பிடித்தபடி அம்மாவும் மாமாவும். கேட்டால் ‘காத்து பட்டுடுச்சு’ என்பார்கள், ‘செய்வினை’ என்பார்கள். இந்தக் கோயிலின் கதையே பித்துப் பிடித்து அலைந்தவன் கதைதான். பிரம்மனின் தலையைக் கிள்ளிய பாவத்தால் கபாலம் கையில் ஒட்டிக்கொண்டு, பிரம்மஹத்தியோடு பிச்சையெடுத்துத் திரிந்த சிவனை அம்மன் இங்கேதான் மீட்டாள் என்கிறார்கள். சோற்றை இறைத்தாள், கபாலம் சாப்பிடக் கீழே இறங்கியது என்று கதை போகிறது.

நம் தோழர்களில் சிலர் இந்தக் கூட்டத்தைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். பேயும் செய்வினையும் பொய் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் சிரிப்பதற்கு முன் ஒன்றை யோசிக்கலாம். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு, கத்திக்கொண்டிருக்கும் மகனைக் கூட்டிக்கொண்டு ஒரு கூலித் தொழிலாளி போய் உட்கார இந்தத் தாலுகாவில் வேறு எந்த இடம் இருக்கிறது? ஆதார் கேட்காத, சீட்டு போடச் சொல்லாத, “ஏன் இவ்வளவு லேட்டா வந்தீங்க?” என்று திட்டாத இடம் எது?

பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவன ஆய்வாளர்கள் நம் மாநிலத்தின் வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் தங்கியிருந்த 31 மனநோயாளிகளைக் கவனித்து, 2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். அங்கே மருந்து இல்லை, பேயோட்டுச் சடங்கும் இல்லை. குடும்பத்தில் ஒருவர் துணைக்கு இருக்க, சராசரியாக ஆறு வாரம் இலவசமாகத் தங்கி, கோயில் வளாகத்தில் சின்னச் சின்ன வேலை செய்தார்கள். நோய்க்குறிகள் சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தன. அச்சுறுத்தாத, ஆதரவான இடம் கிடைத்ததே இதற்குக் காரணமாக இருக்கலாம் என்றார்கள் ஆய்வாளர்கள். 31 பேரை வைத்து எதையும் நிரூபித்துவிட முடியாது. ஆனால் மக்கள் கோயிலுக்கு எதைத் தேடிப் போகிறார்கள் என்பதை அது காட்டுகிறது.

தேடிப் போனவர்களுக்கு எல்லா இடத்திலும் அது கிடைத்துவிடவில்லை. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தர்காவை நம்பி நடந்த தனியார் காப்பகம் ஒன்றின் கீற்றுக் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் கருகிச் செத்தார்கள். உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து வழக்கை எடுத்தது. அது பழைய கதை என்று நினைக்க வேண்டாம். 2023 பிப்ரவரியில் எங்கள் விழுப்புரம் மாவட்டத்துக் குண்டலப்புலியூரில், உரிமம் இல்லாமல் நடந்துவந்த அன்பு ஜோதி ஆசிரமத்திலிருந்து 140க்கும் மேற்பட்டவர்கள் மீட்கப்பட்டார்கள். ஆட்கள் காணாமல் போனது, பாலியல் வன்முறை என்று புகார்கள் எழுந்து வழக்கு சிபிசிஐடி கைக்குப் போனது. இந்த இரண்டு இடங்களும் இருட்டில் இயங்கியவை அல்ல. தாங்க முடியாத குடும்பங்கள் கொண்டுவந்து விட்டன, தெருவில் திரிந்தவர்களைப் பிடித்துவந்து சேர்த்தார்கள், சுற்றியிருந்த எல்லோருக்கும் தெரிந்தே நடந்தன. எங்கேயாவது கண்ணுக்கு மறைவாக இருந்தால் போதும் என்று ஊரும் அதிகாரமும் நினைத்தன.

குடும்பங்கள் ஏன் இவ்வளவு சீக்கிரம் உடைந்துபோகின்றன என்பதை எங்கள் வீட்டிலிருந்து சொல்கிறேன்.

என் பெரியம்மா மகனுக்கு 23 வயதில் மனச்சிதைவு வந்தது. பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனவன், யாரோ தன்னைப் பின்தொடர்வதாகச் சொல்லிக்கொண்டு வெறுங்கையோடு திரும்பி வந்தான். தூக்கம் இல்லை. காதில் குரல்கள். முதல் எட்டு மாதம் அமாவாசை தவறாமல் கோயில்தான். எனக்கு அப்போது கல்லூரி இரண்டாம் ஆண்டு. இது நோய், மாத்திரை இருக்கிறது என்று பெரியம்மாவிடம் எடுத்துச் சொன்னேன். அவர் சொன்ன பதிலை இன்றுவரை எந்த ஆய்வுக் கட்டுரையிலும் நான் படிக்கவில்லை.

“காத்து பட்டுச்சுன்னு சொன்னா, பொண்ணு பாக்க வர்றவன் உக்காந்து காபி குடிப்பான் தம்பி. மனநோயின்னு சொன்னா செருப்ப மாட்டிக்கினு போயிடுவான்.”

அண்ணனுக்கு ஒரு தங்கை. மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த நேரம். பெரியம்மா பேயை நம்பினாரா என்பதைவிட, பேய் அவருக்கு என்ன உதவி செய்தது என்பதுதான் முக்கியம். பேய் வெளியிலிருந்து வருவது, வந்த வழியே போய்விடும். நோய் என்றால் ரத்தத்தில் இருப்பது, மகளுக்கும் வரும், பேரப் பிள்ளைக்கும் வரும் என்று சொந்தம் முழுக்கப் பேசும். பெண் பார்க்க வந்த அன்று அண்ணனை ஒரு உறவினரின் மோட்டார் கொட்டகையில் உட்கார வைத்தார்கள். கூட நான் இருந்தேன். “வீட்ல யார்டா வந்திருக்காங்க?” என்று மட்டும் இரண்டு முறை கேட்டான்.

மனச்சிதைவில் பரம்பரைக்குப் பங்கு உண்டு. ஆனால் ஒருவருக்கு அந்த நோய் இருந்தால் அவருடைய உடன்பிறந்தவருக்கு வரும் வாய்ப்பு ஏறக்குறைய பத்தில் ஒன்றுதான். பத்தில் ஒன்பது பேருக்கு வருவதில்லை. இந்தக் கணக்கைக் கேட்க யாருக்கும் பொறுமை இல்லை, ஏனென்றால் சாதியின் கல்யாணச் சந்தை ரத்தத்தை வைத்துத்தான் நடக்கிறது. சாதியின் உயிர்நாடி அகமணம் என்று அம்பேத்கர் 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த கட்டுரையிலேயே காட்டிவிட்டார். ஒரே சாதிக்குள், அதிலும் ஒரே வட்டாரத்துச் சொந்தத்துக்குள் பெண் கொடுத்துப் பெண் எடுக்கும்போது, ஒரு வீட்டு ரகசியம் ஐம்பது வீட்டின் விசாரணை ஆகிறது. அதனால்தான் மறைக்கிறார்கள். மறைப்பதால் சிகிச்சை தள்ளிப்போகிறது. எந்தச் சொந்தக்காரர்கள் தோள் கொடுக்க வேண்டுமோ அவர்களிடமிருந்தே ஒளிக்க வேண்டியிருக்கிறது. எங்கள் காலனியும் இதற்கு விலக்கல்ல. அகமணம் எங்களையும் சேர்த்துத்தான் கட்டிப்போட்டிருக்கிறது.

சொந்தம் இப்படி என்றால் ஊர் எப்படி? அண்ணனுக்கு நோய் முற்றியிருந்த நாட்களில் காலையில் எழுந்து நடக்க ஆரம்பிப்பான். காலனிக்குள் நடந்தால் யாராவது கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுத்து வீட்டில் விடுவார்கள். ஊர்த்தெருவுக்குள் போய்விட்டால் எங்கள் எல்லோருக்கும் கை கால் நடுங்கும். ஊரிலும் இதே நோயோடு ஒருவர் இருந்தார். அவர் எங்கள் தெருவில் வந்து உட்கார்ந்தால் “பாவம், நல்ல குடும்பத்துப் பையன்” என்பார்கள். அண்ணன் அவர்கள் தெருவில் நின்றால் குடித்துவிட்டு வந்திருக்கிறான், நோட்டம் பார்க்கிறான், பொம்பளைப் பிள்ளைகள் இருக்கிற இடத்தில் என்ன வேலை என்று பேச்சு வரும். ஒரு முறை அடித்தும் அனுப்பினார்கள். ஒரே நோய் ஒருவருக்குப் பரிதாபத்தையும் இன்னொருவருக்கு உதையையும் வாங்கித் தந்தது.

கோயம்புத்தூரை ஒட்டிய கேரளத்து அட்டப்பாடியில் மது என்ற ஆதிவாசி இளைஞருக்கு நடந்ததை நினைத்துப் பாருங்கள். மனநலம் பாதிக்கப்பட்டுக் காட்டில் தனியாகத் திரிந்தவர். 2018 பிப்ரவரி 22 அன்று அரிசி திருடினார் என்று பிடித்துக் கையைக் கட்டி அடித்தார்கள், அவரோடு செல்ஃபி எடுத்தார்கள். போலீஸ் வண்டியில் போகும்போதே உயிர் போய்விட்டது. 2023 ஏப்ரலில் 14 பேர் குற்றவாளிகள் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மதுவை அடித்தவர்களும் ஒரு சமூகம்தான். எங்கள் மாவட்டத்து மேல்பாதியில் தலித் மக்கள் திரௌபதி அம்மன் கோயிலுக்குள் போகக் கூடாது என்று தடுத்ததால் 2023 ஜூனில் கோயிலுக்கே சீல் வைக்க வேண்டி வந்தது. சாமி கும்பிட வருபவரையே சேர்க்காத ஊர், குரல் கேட்கிறது என்று சொல்லும் காலனிப் பையனை அரவணைக்கும் என்று நம்பி ஒரு திட்டத்தைப் போட முடியாது.

இங்கே நம் பக்கம் இருக்கும் ஒரு பழக்கத்தையும் சொல்லியாக வேண்டும். ‘சாதி ஒரு மனநோய்’ என்று நம் மேடைகளில் பேசுகிறார்கள், சுவரொட்டி அடிக்கிறார்கள், மீம் போடுகிறார்கள். ஆணவக்கொலை செய்தவனை ‘மெண்டல்’ என்கிறார்கள். தோழர்களே, சாதி மனநோய் இல்லை. ஆணவக்கொலை செய்கிறவன் நாள் பார்த்து, ஆள் திரட்டி, வண்டி ஏற்பாடு செய்து, வக்கீலையும் பேசி வைத்துவிட்டுச் செய்கிறான். அதில் அவனுக்கு லாபம் இருக்கிறது, அதிகாரம் இருக்கிறது. மனச்சிதைவு வந்தவர் தன் நிழலைப் பார்த்துப் பயந்து கதவைச் சாத்திக்கொள்கிறார். பெரும்பாலும் அடி வாங்குகிறவர் அவர்தான். சாதி வெறியனை நோயாளி என்று சொன்னால் அவன் பொறுப்பிலிருந்து தப்பிக்கிறான், அவன் செய்த கொலையின் அழுக்கு எங்கள் அண்ணன் மேல் வந்து ஒட்டிக்கொள்கிறது. இந்த முழக்கத்தை நாம் கைவிட வேண்டும்.

சரி, ஊரும் சொந்தமும் தாங்காது என்றால் யார் தாங்குவது? இதற்கு வழி இல்லாமல் இல்லை. செய்து பார்த்த அனுபவமே இருக்கிறது.

மனச்சிதைவு உள்ள 282 பேரை வைத்துக் கோவா, மகாராஷ்டிரத்தின் சாத்தாரா, நம் காஞ்சிபுரம் ஆகிய மூன்று இடங்களில் நடந்த ஆய்வு ஒன்று 2014இல் லான்செட் இதழில் வந்தது. காஞ்சிபுரத்தில் நடத்தியது, மனநல மருத்துவர் சாரதா மேனன் 1984இல் சென்னையில் தொடங்கிய ஸ்கார்ஃப் அமைப்பு. பாதிப் பேருக்கும் மேலானவர்களுக்கு மருத்துவமனைச் சிகிச்சையோடு, பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர்கள் வீட்டுக்கே போனார்கள். அவர்கள் டாக்டர்கள் இல்லை. மாத்திரை ஒழுங்காகப் போகிறதா என்று பார்த்தார்கள், குடும்பத்தோடு உட்கார்ந்து பேசினார்கள், வேலைக்கும் உதவித்தொகைக்கும் வழி காட்டினார்கள். மருத்துவமனைக்கு மட்டும் போனவர்களைவிட இவர்களின் முடக்கம் கூடுதலாகக் குறைந்தது. மொத்தத்தில் பெரிய அற்புதம் இல்லை, மிதமான முன்னேற்றம்தான். ஆனால் பலன் நன்றாகத் தெரிந்த இடம் தமிழ்நாட்டுக் கிராமப்புறம். மருத்துவமனை எட்டாத இடத்தில்தான் வீட்டுக்கு வரும் ஆள் அதிகம் உதவுகிறார்.

பெல்ஜியத்தில் கேல் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. அதுவும் மேல்மலையனூர் மாதிரிக் கோயில் ஊர்தான். புனித டிம்ப்னாவின் தேவாலயத்துக்குப் பித்துத் தீர வேண்டி இடைக்காலத்திலிருந்தே யாத்திரிகர்கள் வந்தார்கள். தேவாலயத்தில் இடம் போதாமல் ஊர்க்காரர்கள் தங்கள் வீடுகளில் தங்க வைத்தார்கள். அது பழக்கமாகி, பின்னர் அரசு மேற்பார்வையும் மருத்துவமும் சேர்ந்து, 1930களின் இறுதியில் 3,700க்கும் மேற்பட்டவர்கள் அந்த ஊர்க் குடும்பங்களோடு வாழ்ந்தார்கள். குறைந்த அளவில் இன்றும் தொடர்கிறது. எங்கள் ஊருக்கும் இப்படி ஒரு ஏற்பாடு வரலாமே என்று நினைத்த அடுத்த நொடியே, வீட்டுக்காரர் முதலில் கேட்கப்போகும் கேள்வி காதில் விழுகிறது: “என்ன சமூகம்?” 

ஆகவே யாருடைய இரக்கத்தையும் நம்பாமல் உரிமையாகக் கேட்க வேண்டியதைக் கேட்போம். 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் நம் கையில் இருக்கிறது. அரசு செலவில் மனநலச் சிகிச்சை பெறும் உரிமையை அது தருகிறது. அதில் பாகுபாடு கூடாது என்று சொல்லும் இடத்தில் சாதி என்ற சொல்லையே சட்டம் பயன்படுத்துகிறது. மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை எந்த வடிவத்திலும் தடை செய்கிறது. குடும்பம் ஏற்கவில்லை என்பதற்காக ஒருவரை மருத்துவமனையிலேயே வைத்திருக்கக் கூடாது, சமூகத்தில் வாழ்வது அவர் உரிமை என்கிறது. தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாமல் தெருவில் திரியும் மனநோயாளியைப் பாதுகாப்பில் எடுத்து 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவ நிலையத்தில் சேர்ப்பது காவல் நிலையத்தின் கடமை, லாக்கப்பில் வைக்கக் கூடாது என்றும் சொல்கிறது. அண்ணனை ஊர்த்தெருவில் அடித்த அன்று இது எங்களில் ஒருவருக்குத் தெரிந்திருந்தாலும் ஸ்டேஷனில் வேறு மாதிரிப் பேசியிருப்போம்.

மேல்மலையனூருக்கென்று நான் கேட்பது இவை. அமாவாசை தோறும் கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு அறை, அதில் ஒரு மனநல மருத்துவர், ஒரு சமூகப் பணியாளர். சாமி கும்பிடுகிறவர் கும்பிடட்டும், மாத்திரையும் வாங்கிக்கொண்டு போகட்டும். ஏர்வாடியில் தீ விபத்துக்குப் பிறகு தர்காவிலேயே மருந்தும் பிரார்த்தனையும் சேர்ந்த திட்டம் வந்தது. 28 உயிர் போகாமலேயே அது இங்கே நிரந்தரமாக நடக்க வேண்டும். இரண்டாவது, பிரஷருக்கும் சுகருக்கும் வீடு தேடி வரும் மருத்துவப் பையில் மனநோய் மாத்திரையும் எல்லா ஊரிலும் தவறாமல் இருக்க வேண்டும். மாதா மாதம் மாவட்டத் தலைநகருக்குப் பஸ் ஏறினால் இரண்டு பேரின் ஒரு நாள் கூலி போகிறது. மாத்திரை நின்றுபோகும் வீடுகளில் பாதிக் கதை இதுதான். மூன்றாவது, பார்த்துக்கொள்கிறவருக்கு ஊதியம். மகனைத் தனியாக விட முடியாமல் பெரியம்மா நூறு நாள் வேலையையே விட்டார். பார்த்துக்கொள்கிறவர் அநேகமாக ஒரு பெண், அம்மாவோ மனைவியோ அக்காவோ. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் மனநோயும் ஊனமாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. ஆனால் சலுகைகளுக்கு 40 சதவீதச் சான்று வேண்டும். போன அன்று அண்ணன் நன்றாகப் பேசிவிட்டான் என்று ஒரு முகாமில் திருப்பி அனுப்பினார்கள். ஏறி இறங்கும் நோயை ஒரு நாள் பேச்சை வைத்து அளக்கக் கூடாது.

அரசு செய்யும் வரை காத்திருக்காமல் நாம் செய்யக்கூடியதும் இருக்கிறது. எங்கள் காலனியில் மகளிர் குழு அம்மாக்கள் நான்கு பேர் முறை போட்டுக்கொண்டார்கள். வாரத்தில் இரண்டு நாள் அவர்களில் ஒருவர் அண்ணனோடு இருப்பார், பெரியம்மா கூலிக்குப் போவார். இன்னொருவர் ராத்திரி மாத்திரையை எண்ணிப் பார்ப்பார். யாரும் அவர்களுக்குப் பயிற்சி தரவில்லை. இதற்குப் பணம் தேவைப்படவில்லை, ஒளிக்காமல் இருப்பது தேவைப்பட்டது. தங்கைக்குக் கல்யாணம் முடிந்த பிறகுதான் பெரியம்மா அந்த நோயின் பெயரை வெளியில் சொன்னார், அதன் பிறகுதான் இந்த உதவியும் வந்தது. அண்ணன் முழுக்கக் குணமாகிவிடவில்லை. ஆடு மேய்க்கிறான், கிரிக்கெட் பார்க்கிறான், சில மாதங்கள் மோசமாக இருக்கும்.

நம் இரவுப் பாடசாலைகள், படிப்பு வட்டங்கள், சாதி மறுப்புத் திருமணம் நடத்தி வைக்கும் குழுக்கள் எல்லாம் இந்த வேலையை எடுத்துக்கொள்ளலாம். நிம்ஹான்ஸ் 2015-16இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, நூறு பெரியவர்களில் ஏறக்குறைய இரண்டு பேருக்கு வாழ்நாளில் கடும் மனநோய் வருகிறது. அந்த நோயுள்ள நான்கு பேரில் மூன்று பேருக்குச் சிகிச்சை எட்டவில்லை. அப்படியானால் உங்கள் தெருவிலும் ஒரு வீடு இருக்கிறது. அந்த வீட்டுக்குப் போய் ‘அவனை எங்கே சேர்த்திருக்கீங்க?’ என்று கேட்க வேண்டாம். அடுத்த முறை மருந்து வாங்க எப்போது போகிறீர்கள், நானும் கூட வரட்டுமா என்று கேளுங்கள். இரவில் அவசரம் என்றால் 14416 என்ற டெலி மனஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம் என்று சொல்லி, எண்ணை அவர்கள் போனில் பதிந்து கொடுங்கள். கல்யாணப் பேச்சு நடக்கும் வீட்டில், அண்ணனுக்கு மனநோய் என்பதற்காகத் தங்கையை வேண்டாம் என்று சொல்லும் சொந்தக்காரரிடம் அந்த இடத்திலேயே சண்டை போடுங்கள். அதுவும் சாதி ஒழிப்பு வேலைதான்.